கோட்டைக் கழற்றிவிட்டுச் சோதித்த ஹீட்டர்

தோங்லிங்,
செப்டம்பர் 9.

அன்பு மகள் லான்ஷிக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் காய்ச்சல் தலைவலி என்று எதுவும் இல்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், உனக்கும் உடம்பு திடமாக இருக்கிறது, வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நீ என்னை எங்கே பேச விடுகிறாய், "சரிம்மா, வெச்சிடறேன்மா, கடைக்கு ஆள் வந்திருக்காங்க" என்று முடித்துவிடுகிறாய், போதாததற்கு இந்தப் பக்கம் உன் அப்பா ரிசீவரில் காதை ஒட்டவைத்துக்கொண்டு நிற்கிறார். இதில் நான் சொல்லப்போவதை அவர் காதுபடச் சொல்ல என்னால் ஆகாது. அதனால் உனக்கு விமானத்தில் வரும் உதிரிபாகப் பெட்டியில் சாமான் பட்டியலுக்கு அடியில் இதை வைக்கச் சொல்லி, பாக்கிங் பிரிவில் இருக்கும் மியாவ் அக்காவிடம் கொடுத்திருக்கிறேன். பெட்டியை யார் திறந்தாலும் கவலை இல்லை, அந்தச் சிலி நாட்டுக் கடைசி முனையில் நம் எழுத்தைப் படிக்கத் தெரிந்தவள் நீ ஒருத்திதான்.

ஜூலை மாதம் நீ ஆலைக்கு ஒரு புகார் அனுப்பினாய் அல்லவா, பதினோரு பக்கம். அதைப் பட்டறைக் கூட்டத்தில் எங்கள் தலைவர் தாவ் எழுந்து நின்று வாசித்தார். போன வருஷக் கடைசியில் நம் ஆலையிலிருந்து உங்கள் ஊருக்கு வந்த நாற்பத்தாறு 'சிட்டு' காரிலும் ஹீட்டர் பேருக்குத்தான் இருக்கிறது, ஜூனில் குளிர்காலம் பிறந்ததிலிருந்து வாங்கினவர்கள் ஒவ்வொருவராகக் கடைக்கு வந்து சத்தம் போடுகிறார்கள், கடை முதலாளி மிர்கோ இனி இங்கே நம் ஆற்றங்கரையில் ஏற்றுமதிக்கு நிற்கும் தொண்ணூறு காரையும் ஹீட்டரைச் சரிசெய்யாமல் அனுப்பினால் இறக்கமாட்டேன் என்கிறார், சிட்டு போர்டையே கழற்றிவிட்டு, ஆலை சார்பில் அங்கே இருக்கும் உன்னையும் ஊருக்கு அனுப்பிவிடுவதாகச் சொல்கிறார் என்று எல்லாம் விவரமாக எழுதியிருந்தாய். கடைசிப் பக்கத்தில் ஒரு வரி. இந்தச் சோதனைத் தாள்களில் 31 என்று முத்திரை குத்தியிருப்பவர் வாழ்க்கையில் ஒருநாள்கூடக் குளிரைப் பார்த்திராதவராக இருக்க வேண்டும் என்று. தாவ் அதை வாசித்ததும் கூட்டத்தில் அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. மகளே, முப்பத்தொன்று நான்தான். நீ கிளம்பும்போது நான் பிரேக் சோதனை வரிசையில் இருந்தேன், போன இலையுதிர் காலத்தில் என்னைக் காரைக் குளிரவைத்துச் சோதிக்கும் குளிர்அறைக்கு மாற்றினார்கள், ஹீட்டர் சோதனை முழுவதும் என் கையில்தான். இதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்று நினைப்பேன், அதற்குள் நீ போனை வைத்துவிடுவாய். மியாவ் அக்கா மட்டும் என் காதருகே வந்து, "பெத்த பொண்ணு நல்லாத்தான் மார்க் போட்டிருக்கா" என்றாள்.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. குளிரைப் பார்க்காதவளா நான்? ஜனவரி மாதத்து ஆற்றுக்காற்றில், குழாய்த் தண்ணீரில் ஊறுகாய்க்கு முட்டைக்கோஸ் கழுவிக் கழுவி விரல் வெடித்தவள், நீ வயிற்றில் இருந்தபோது படுக்கையறை வாளியில் பனிக்கட்டி மிதப்பதைப் பார்த்தவள், என்னைப் பார்த்தா என்று பொருமிக்கொண்டு மறுபடியும் சோதனைக்குக் கிளம்பினேன். வெளியே ஆகஸ்ட் வெயில் முப்பத்தெட்டு டிகிரி. குளிர்அறையில் மைனஸ் பதினைந்து. கதவோரக் கொக்கியில் தொங்கும் பச்சை பஞ்சுக் கோட்டை மாட்டிக்கொண்டு, பஞ்சுக் காலுறையும் பூட்ஸும் போட்டுக்கொண்டு, எஞ்சினை ஓடவிட்டு அரைமணி நேரம் சிட்டுக்குள் உட்கார்ந்தேன். காலடியில் தெர்மாமீட்டர் பதினான்கு காட்டியது, ஆலையின் தரப்புத்தகத்தில் வேண்டும் என்று போட்டிருப்பதும் அதே பதினான்குதான். சுகமாக இருந்தது, பொய் சொல்லவில்லை, தூக்கம்கூட வந்தது. பாஸ் என்று குத்திவிட்டு வந்தேன். தாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. சோதித்துப் பார்த்தோம், குறை ஒன்றும் இல்லை, வாடிக்கையாளர்களுக்கு ஹீட்டரைப் பயன்படுத்தத் தெரியவில்லை என்று உங்களுக்குப் பதில் தயார் செய்து மேஜைமேல் வைத்துவிட்டார்.

இதைக் கேட்டு உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா, மறுநாளே பஸ் ஏறிப் போய் இரண்டு டப்பா பெயிண்ட் வாங்கிவந்து உன் அறைக் கட்டிலைக் கூடத்துக்கு இழுத்துப் போட்டுச் சுவரைச் சுரண்ட ஆரம்பித்துவிட்டார். இளம்பச்சை. என்னங்க இது என்று கேட்டால், "நீ பாட்டுக்கு பாஸ்னு குத்திட்டு வந்துட்டே, நல்லதாப் போச்சு. அந்த மிர்கோ கடையில போர்டைக் கழட்டுனா பொண்ணு வருஷக் கடைசியில வீடு வந்து சேர்ந்துருவா. புத்தாண்டுக்கு மூணு பேரா உக்காந்து மீன் சாப்பிடலாம். போன ரெண்டு புத்தாண்டும் நீயும் நானும் டிவியைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தது போதாதா?" என்றார். ஏணியில் நின்றபடி அவர் பாட்டுப் பாடிக்கொண்டிருந்ததை நான் எத்தனை வருஷம் கழித்துக் கேட்கிறேன். அவரை மட்டும் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. நானும் அந்த வாரம் சந்தையில் உனக்குப் புதுத் தலையணை உறை இரண்டு வாங்கினேன்.

அப்போதுதான் நீ தபாலில் அனுப்பின போட்டோ வந்தது. மிர்கோவின் வீட்டில் சாப்பாட்டு மேஜை, அவர் மனைவி, மாமியார், நடுவில் நீ. ஜன்னலுக்கு வெளியே வெள்ளை வெளேரென்று பனி. நீ கை வைக்காத சட்டை போட்டுக்கொண்டு பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறாய். எனக்குப் பகீரென்றது. உடனே உனக்குப் போன் போட்டு உள்ளே காலோடு ஒட்டும் கம்பளிக் கால்சட்டை போட்டிருக்கிறாயா இல்லையா, முட்டிவலி வந்தால் யார் பார்ப்பது என்று கத்தினேன். நினைவிருக்கிறதா? நீ விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "அம்மா, இங்க வீட்டுக்குள்ள யாரும்மா ஸ்வெட்டர் போடுவாங்க? கேஸ் அவ்வளவு மலிவு, எல்லா வீடும் கொதிக்குது. கோட்டை வாசல்லயே மாட்டிட்டுத்தான் உள்ள வருவாங்க. கார்லயும் அப்படித்தான், ஏறுனதும் கோட்டைக் கழட்டிப் பின்சீட்ல போட்டுருவாங்க" என்று சொல்லிவிட்டு வழக்கம்போல வைத்துவிட்டாய். நான் ரிசீவரைப் பிடித்தபடியே நின்றேன். உன் அப்பா என்னாச்சு என்னாச்சு என்று தோளை உலுக்கினார். கார்லயும் அப்படித்தான் என்று நீ சொன்னது மட்டும் காதில் நின்றுகொண்டிருந்தது.

நீ இங்கே பிறந்து வளர்ந்தவள், உனக்கு விளக்க வேண்டியதில்லை. ஆற்றுக்குத் தெற்கே நாம் எந்தக் காலத்தில் வீட்டைச் சூடாக்கினோம்? குளிர்ந்தால் இன்னொரு சட்டை, அதற்கு மேல் இன்னொன்று, சாப்பிடும்போதும் கோட்டு, டிவி பார்க்கும்போதும் கோட்டு. ஜனவரியில் நம் படுக்கையறை ஆறு டிகிரி. நமக்குப் பதினான்கு டிகிரி என்பது வசந்த காலம். குளிர்அறைக்குள் போகும்போது என் கை தானாகவே அந்தப் பச்சைக் கோட்டுக்குப் போகிறது, எனக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவருடைய கையும் அப்படித்தான் போயிருக்கும். தரப்புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். எத்தனை டிகிரி, எத்தனை நிமிஷம், எஞ்சின் எவ்வளவு வேகம் என்று எல்லாம் இருக்கிறது, உள்ளே உட்காருகிறவர் என்ன உடுத்தியிருக்க வேண்டும் என்று ஒரு சொல் கிடையாது. நம் ஊரில் புத்தகம் எழுதினவர்களுக்கு அதை எழுதவேண்டும் என்றே தோன்றியிருக்காது. நாங்கள் சோதித்தது ஹீட்டரை அல்ல, கோட்டை.

புரிந்துவிட்டது சரி, அதற்கப்புறம் ஐந்து நாள் நான் வாயைத் திறக்கவில்லை. உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. நான் பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை பார், முத்திரை ஏற்கெனவே குத்தியாகிவிட்டது, தாவின் பதில் மேஜைமேல் இருக்கிறது, நான் பேசாமல் இருந்தாலே போதும், தொண்ணூறு கார் இங்கேயே நின்றுவிடும், நீ டிசம்பரில் வீட்டில் இருப்பாய். சாயங்காலம் வேலை விட்டு வந்து பெயிண்ட் வாசனைக்கு நடுவே உன் கட்டிலில் உட்கார்ந்து இதையேதான் உருட்டிக்கொண்டிருந்தேன். ஆறாம் நாள் ஆலையில் உன் புகாரின் நகலைக் கேட்டு வாங்கி, இந்தமுறை நானே முழுவதும் படித்தேன். நாற்பத்தாறு காருக்கும் எண் போட்டு, வாங்கினவர் பெயர் போட்டு, எந்த ரொட்டிக்கடைக்காரர் காலையில் எத்தனை மணிக்கு எடுக்கிறார், எந்த நர்ஸ் அம்மாவின் காரில் கண்ணாடியில் உறைபனி எத்தனை நிமிஷம் கழித்துக் கரைகிறது, காற்று எந்தத் திசையில் அடித்தால் எஞ்சின் சூடே ஏறுவதில்லை என்று வரிவரியாக எழுதியிருக்கிறாய். ஒவ்வொரு காரிலும் நீயே உட்கார்ந்து பார்த்திருக்கிறாய். வீட்டுக்கு வரச் சாக்குத் தேடுகிறவள் இப்படிப் பதினோரு பக்கம் எழுதமாட்டாள். எனக்கு ஒரே சமயத்தில் பெருமையும் அழுகையும் வந்தது, கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு நேராகக் குளிர்அறைக்குப் போனேன்.

கோட்டைக் கொக்கியிலேயே விட்டேன். ஆகஸ்ட் மாதம் அல்லவா, அடியில் ஒற்றைச் சட்டைதான். மியாவ் அக்கா கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, "அடியேய், பைத்தியமா பிடிச்சிருக்கு உனக்கு, செத்துக்கித்துப் போயிடாதே, எனக்கு ஷிஃப்டு முடியப் போவுது" என்று கதவைத் தட்டினாள். ஹீட்டரை முழுசாகத் திருப்பி வைத்தேன். பன்னிரண்டாம் நிமிஷம் முட்டி இரண்டும் ஒன்றோடொன்று இடித்தது. இருபதாம் நிமிஷம் பேனா கையில் நிற்கவில்லை. தெர்மாமீட்டர் என்னவோ அதே பதினான்கைக் காட்டிக்கொண்டு சாதுவாக உட்கார்ந்திருந்தது. அரைமணி ஆனதும் வெளியே வந்து, கோணல்மாணலான எழுத்தில், சட்டை மட்டும் அணிந்து சோதிக்கப்பட்டது, ஃபெயில் என்று எழுதி 31 முத்திரையைக் குத்தினேன். இத்தனை வருஷத்தில் என் தாளை நானே மாற்றி எழுதினது அதுதான் முதல் தடவை.

தாவ் குதித்தார். "அக்கா, உங்களை யாரு கோட்டைக் கழட்டச் சொன்னா? போன வாரம் பாஸு, இந்த வாரம் ஃபெயிலா? அப்புறம் உங்க முத்திரைக்கு என்ன மரியாதை இருக்கு? குறையில்லாத பட்டறைக்குக் கொடுக்கிற சிவப்புக் கொடி இந்த மாசம் நமக்கு வரவேண்டியது, அதையும் கெடுத்துட்டீங்க" என்றார். முத்திரைக்கு என்ன மரியாதை என்றது எனக்குச் சுருக்கென்று தைத்தது, ஆனாலும் விடவில்லை. "தலைவரே, சுவத்துல ஒட்டியிருக்கிற, நாம கார் அனுப்புற நாட்டுக் கொடிங்களைப் பாருங்க, எகிப்து, சிரியா, பெரு. எகிப்துக்காரங்க ஹார்ன் மூணு மாசத்துல அடங்கிப்போச்சுன்னு எழுதுனப்ப, உங்களுக்கு ஹார்ன் அடிக்கத் தெரியலைன்னா பதில் போட்டோம்? அந்த ஊர்ல அப்படித்தான் அடிப்பாங்கன்னு ஹார்னை மாத்துனோம்ல? இவங்க ஊர்ல கோட்டைக் கழட்டிட்டுத்தான் ஓட்டுவாங்க, அவ்வளவுதான்" என்றேன். அவர் குரலைத் தணித்து, "மலிவு காருக்கு இவ்வளவு போதும்க்கா" என்றார். அங்கேதான் எனக்கு உச்சிமண்டை சூடானது. "மலிவா விக்கிறோம், சரி. மலிவா வாங்குனவன் நடுங்கணும்னு எந்தப் புத்தகத்துல போட்டிருக்கு? நீங்களே உக்காந்து பாருங்க. சட்டையோட" என்றேன். பட்டறையே கூடிவிட்டது, அவருக்கும் பின்வாங்க முடியவில்லை. ஒன்பது நிமிஷம். உதடெல்லாம் நீலமாகி வெளியே வந்து கோட்டு கோட்டு என்று கையை நீட்டினார். நான் கோட்டை என் கையில் வைத்துக்கொண்டு, முதலில் தாளில் கையெழுத்து என்றேன். மியாவ் அக்கா சிரித்த சிரிப்பில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. போட்டுவிட்டார். மனிதர் கெட்டவர் இல்லை, அப்புறம் ஓடியாடி வேலை வாங்கினதும் அவர்தான்.

வழி கையிலேயே இருந்தது. வடக்கு மாகாணங்களுக்குப் போகும் நம் குட்டி வேனில் இருக்கிறதே, அந்த ஹீட்டர் ரேடியேட்டர் சிட்டில் இருப்பதைவிட ஒன்றரை மடங்கு பெரியது, சிட்டில் மாட்டினால் திருகுத் துளை ஒரு விரல்கடை தள்ளிப்போகிறது, அதற்குத் தனியாக ஒரு தாங்கி அடித்தோம். எஞ்சின் நன்றாகச் சூடேறின பிறகே திறந்து தண்ணீரை வெளியே விடுகிற தெர்மோஸ்டாட்டும் போட்டோம், எதிர்காற்றில் எஞ்சின் சூடு ஏறவில்லை என்று நீ எழுதினது அதில் அடங்கிவிட்டது. ஆற்றங்கரையில் நின்ற தொண்ணூறு காரையும் பதினோரு நாளில் பிரித்து மாட்டினோம். ஒவ்வொன்றிலும் நான் சட்டையோடுதான் உட்கார்ந்தேன், இருபத்திரண்டு டிகிரி வராமல் ஒன்றையும் விடவில்லை, இப்போது லேசாகச் சளி, பயப்படாதே. இனி எங்கள் அறையில் சட்டை மட்டும் என்று தரப்புத்தகத்தில் ஒட்டியாகிவிட்டது. சிவப்புக் கொடி பக்கத்துப் பட்டறைக்குப் போய்விட்டது, போகட்டும்.

இந்தப் பெட்டியில் இருப்பது முதல் நாற்பத்தாறு காருக்கான சாமான். உன் மெக்கானிக்குகளிடம் சொல், தெர்மோஸ்டாட்டில் அம்புக்குறி எஞ்சின் பக்கம் இருக்க வேண்டும், தண்ணீர் ஊற்றின பிறகு மேல் குழாயைத் தளர்த்தி உள்ளே நிற்கும் காற்றை முழுதும் வெளியேற்றச் சொல், சோம்பேறித்தனத்தில் அதை விட்டால் மறுபடியும் குளிர்காற்றுதான் வரும், அப்புறம் 31ஐத் திட்டக்கூடாது. ரொட்டிக்கடைக்காரர் காரை முதலில் மாட்டு, பாவம் அவர்தான் விடியற்காலையில் எடுக்கிறார். இந்த வருஷம் இஞ்சி நார் இல்லாமல் நன்றாக வந்திருக்கிறது, இரண்டு ஜாடி ஊறப் போட்டிருக்கிறேன், விமானத்தில் சாப்பாட்டுச் சாமான் ஏற்றக்கூடாதாம், அடுத்த மாதம் ஷாங்காயிலிருந்து அங்கே வரும் உங்கள் ஆபீஸ் ஆளிடம் கொடுத்துவிடுகிறேன். வீட்டுக்குள் எப்படியும் இரு, தெருவில் இறங்கினால் உள்ளே அந்தக் கம்பளிக் கால்சட்டை இருக்க வேண்டும், இதில் பேச்சே கிடையாது. எந்நேரமும் ஆட்டுக்கறியும் ரொட்டியுமாகத் தின்னாதே, ஒருவேளையாவது சோறு வடித்துச் சாப்பிடு.

உன் அப்பாவிடம் நான்தான் சொன்னேன், ஃபெயில் என்று குத்தின அன்றைக்கே. பிரஷ்ஷை டப்பாவிலேயே போட்டுவிட்டு ஏணியிலிருந்து இறங்கினார். "அப்ப வரமாட்டாளா" என்றார். மாட்டாள் என்றேன். "உன் கையாலயே பண்ணிட்டியே" என்றார், அவ்வளவுதான், இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பார்த்தால் மிச்சச் சுவரையும் பூசிக்கொண்டிருக்கிறார். நேற்றுக் காலையில் தொண்ணூறு காரும் ஷாங்காய் போகும் படகில் ஏறின. அவரே சட்டை மாற்றிக்கொண்டு, வா போகலாம் என்று என்னோடு ஆற்றங்கரைக்கு வந்தார். சிவப்பும் வெள்ளையும் நீலமுமாக ஒவ்வொன்றாய்ப் பலகைமேல் ஏறிப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றோம். "தொண்ணூறையும் வித்துருவாளா?" என்று கேட்டார். வித்துருவா என்றேன். "மிர்கோகிட்ட பேசத் தெரியுமா அவளுக்கு?" என்றார். "என்னையே அத்தனை பேருக்கு நடுவுல திட்டத் தெரிஞ்சவளுக்கு மிர்கோகிட்ட பேசத் தெரியாதா" என்றேன். அப்போதுதான் சிரித்தார்.

கடைசிக் கார் ஏறியபோது, இந்தப் படகு கிளம்பாமலே போனால் என்ன என்று ஒரு நொடி என் மனசு கேட்டது. பெற்றவள் மனசு, கேட்காமல் இருக்காது. படகு கிளம்பிவிட்டது, நானும் மத்தியான ஷிஃப்டுக்கு ஆலைக்குப் போய்விட்டேன். அந்தத் தொண்ணூறும் பத்திரமாகக் கரை இறங்கட்டும், நீ கைவைக்கிற காரியம் எல்லாம் கூடிவரட்டும், உன் உடம்புக்கு ஒரு குறையும் வராமல் ஊரும் ஜனமும் உன்னை நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளட்டும். உன் அறை இளம்பச்சையாகத் தயாராக இருக்கிறது, கதவைச் சாத்தவே இல்லை. வா மகளே, கட்டாயம் வா. ஆனால் கடையை மூடிவிட்டார்கள் என்று வராதே, லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வா.

உன் அம்மா,
ஜா குய்ஜென்